பிரசவத்தில் பிரஷர் வந்தவர்கள் இதயத்தைக் காத்துக்கொள்ள: டிஸ்சார்ஜ் நாள் முதல் ஐம்பது வயது வரை

கர்ப்பத்தில் பிரஷர் ஏறி, முகமும் காலும் வீங்கி, நாள் நிறையும் முன்பே அவசரமாகக் குழந்தையை எடுத்த கதை கொங்குப் பக்கம் எந்தத் தெருவில் கேட்டாலும் ஒன்று கிடைக்கும். "தாயும் புள்ளையும் பொழச்சு வந்ததே பெரிசுங்க" என்று கதையை முடிப்பார்கள். அதன் பிறகு குழந்தைக்கு எடை ஏறுகிறதா, ஊசி போட்டாயிற்றா என்று விசாரிக்கப் பத்துப் பேர் இருப்பார்கள். பெற்றவளுக்கு இப்போது பிரஷர் எவ்வளவு என்று கேட்கத்தான் ஆளிருக்காது.

டாக்டர்கள் இதை ப்ரீ-எக்லாம்ப்சியா என்பார்கள். கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் போய், கூடவே சிறுநீரில் புரதம் இறங்குவது, அல்லது ஈரல், சிறுநீரகம், ரத்தம் உறைய உதவும் ரத்தத்தட்டுகள் பாதிக்கப்படுவது. குழந்தை பிறந்த சில வாரங்களில் பிரஷர் பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் கணக்கு அதோடு தீர்வதில்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 2007இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. இந்த நோய் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்குக்கு மேல், இதய ரத்தக்குழாய் அடைப்பும் பக்கவாதமும் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று அது சொன்னது. 2017இல் வந்த இன்னொரு தொகுப்பு, இதயம் பலவீனமாகும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு என்றது. அமெரிக்க இதயச் சங்கம் 2011லேயே இதை இதய நோய்க்கான ஆபத்துக் காரணிகளில் சேர்த்துவிட்டது.

இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்றதும் கலங்க வேண்டாம். 28 வயதுப் பெண்ணுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பே மிகச் சின்னது, அதன் இரு மடங்கும் சின்னதுதான். இது உறைக்க ஆரம்பிப்பது நாற்பதுகளில். நிரந்தர பிரஷர் மட்டும் அதற்கு வெகு முன்பே, முதல் பத்து வருடத்துக்குள்ளேயே, சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். 34 வாரத்துக்கு முன்பே குழந்தையை எடுக்க வேண்டிவந்தவர்கள், குழந்தை எடை மிகக் குறைவாகப் பிறந்தவர்கள், இரண்டு பிரசவத்திலும் இதே பிரச்சினை வந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். புரதம் இறங்காமல் கர்ப்பத்தில் பிரஷர் மட்டும் வந்தவர்களுக்கும் இந்த வழிகாட்டி பொருந்தும்.

ஏன் இப்படி? கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. போர்வெல்லில் பெரிய மோட்டார் மாட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டால்தான் பழைய பைப்பில் எந்த ஜாயின்ட் இளகியிருக்கிறது என்று தெரியும், அது மாதிரி. ஏற்கெனவே இருந்த பலவீனம் வெளியே தெரிகிறது என்பது ஒரு பக்கம். நஞ்சுக்கொடியிலிருந்து வரும் சில பொருள்கள் ரத்தக்குழாயின் உள்பூச்சைப் புண்ணாக்கி, அந்தப் பாதிப்பில் கொஞ்சம் பிரசவத்துக்குப் பிறகும் தங்கிவிடுகிறது என்பது இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிது என்ற விவாதம் டாக்டர்களுக்குள் இருக்கட்டும். நாம் செய்ய வேண்டியது இரண்டுக்கும் ஒன்றுதான்.

முதல் படி: காகிதம்

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி, நர்ஸ் அருகில் இருக்கும்போதே படியுங்கள். பல சம்மரியில் "பி.ஐ.எச்." (கர்ப்பத்தால் வந்த பிரஷர்) என்று மூன்றெழுத்தில் முடித்திருப்பார்கள். அது போதாது. வெறும் பிரஷரா, ப்ரீ-எக்லாம்ப்சியாவா, வலிப்பு வந்ததா, ஈரலும் ரத்தத்தட்டும் பாதித்த ஹெல்ப் சிண்ட்ரோமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பிரஷர் அதிகபட்சம் எவ்வளவு போனது, எத்தனையாவது வாரத்தில் ஆரம்பித்தது, எத்தனையாவது வாரத்தில் பிரசவம், குழந்தையின் எடை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு, வீட்டுக்குக் கொடுத்த மாத்திரையின் பெயர், அளவு, இவ்வளவும் அந்தக் காகிதத்தில் இருக்க வேண்டும். இருபது வருடம் கழித்து ஒரு இதய டாக்டர் முன்னால் உட்காரும்போது உங்களுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்காது.

நம் பக்கம் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தலைப்பிரசவம் அம்மா வீட்டில். கோபியில் பிரசவம் பார்த்து, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு பல்லடத்தில் புருஷன் வீட்டுக்கு வருவார்கள். குழந்தைக்கு வாங்கிய துணிமணி, பால்டப்பா, தொட்டில் எல்லாம் காரில் ஏறும். ஃபைல் மட்டும் அம்மா வீட்டு பீரோவில் நகைப்பெட்டிக்கு அடியில் தங்கிவிடும். புது ஊர் நர்ஸம்மாவிடம் இருப்பது குழந்தையின் ஊசி அட்டை ஒன்றுதான். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பிலும் போட்டுவையுங்கள். அந்த ஃபைல் உங்கள் சொத்து, உங்களோடுதான் வர வேண்டும்.

இரண்டாம் படி: முதல் ஆறு வாரம்

குழந்தை பிறந்ததும் ஆபத்து தாண்டிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில்தான் பிரஷர் மறுபடி ஏறும். பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் அது உச்சத்துக்குப் போவது வழக்கம். பல பேர் வீட்டுக்கு வந்து சேரும் நாளும் அதுதான். முதல் பத்து நாள் தினமும், அப்புறம் டாக்டர் சொன்னபடி பாருங்கள். 150/100 தாண்டினால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். 160/110 தொட்டால் எதற்காகவும் காத்திருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, பார்வை மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, வலிப்பு, மூச்சு முட்டுவது, இவை வந்தாலும் அப்படியே. மெஷினில் என்ன எண் காட்டினாலும் சரி. "பச்ச ஒடம்பு, அப்படித்தான் இருக்கும் கண்ணு" என்று அம்மாயி சொல்வார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு இதைச் சொன்னவர்கள் யாருமில்லை.

மூச்சு முட்டுவதைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. தலையணையில்லாமல் மல்லாந்து படுக்க முடியவில்லை, ராத்திரி மூச்சுத் திணறி எழுந்து உட்காருகிறீர்கள், கால் வீக்கம் வடிவதற்குப் பதில் கூடுகிறது என்றால், தூக்கம் கெட்ட அசதி என்று ஒதுக்காதீர்கள். பிரசவத்தை ஒட்டி இதயத் தசை பலவீனமாகும் ஒரு நோய் உண்டு. பிரசவத்துக்கு முந்தைய மாதம் தொடங்கி, பிரசவமான ஐந்து மாதம் வரை அது வரலாம். ப்ரீ-எக்லாம்ப்சியா வந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்.

மாத்திரை சாப்பிட்டால் பால் கொடுக்கக் கூடாது என்று யாராவது சொல்வார்கள். லேபெட்டலால், நிஃபெடிபின், எனலாப்ரில் மூன்றும் பால் கொடுக்கும்போது சாப்பிடக் கூடியவை. பால் கொடுத்த பெண்களுக்குப் பிற்காலத்தில் பிரஷர் வருவது குறைவு என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. எண் இறங்கிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கத்தான் சொல்வார்கள். ஆக்ஸ்போர்டில் நடந்து 2023இல் வெளிவந்த ஒரு ஆய்வில், பிரசவத்துக்குப் பின் வீட்டிலேயே பிரஷர் பார்த்து, அதன்படி டாக்டர்கள் மாத்திரை அளவை மாற்றிக்கொடுத்த பெண்களுக்கு, எட்டு ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது கீழ் எண் சராசரியாக 6 புள்ளிக்குக் கிட்டக் குறைவாக இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் மாத்திரையை எப்போதோ நிறுத்தியிருந்தார்கள். முதல் சில வாரம் ஒழுங்காகக் கட்டுப்படுத்தியதன் பலன் மாதக்கணக்கில் நின்றிருக்கிறது.

மூன்றாம் படி: பிரஷர் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்பவர்கள் இதைச் செய்யுங்கள். மேல்கையில் கட்டும் டிஜிட்டல் மெஷின் ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கைப்பட்டையின் அளவு முக்கியம். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் எண் கூடுதலாகக் காட்டும்.

பெரும்பாலான வீட்டில் நடப்பது இது. பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து, பஸ்ஸில் நின்றபடி வந்து, மாடி ஏறி, செருப்பைக் கழற்றியதும் கட்டிலில் உட்கார்ந்து, ஜாக்கெட் கையை மேலே சுருட்டிவிட்டு, பட்டையைக் கட்டி, குழந்தை மடியில் ஏற, "ஏனுங்க, அந்த அடுப்பை நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே பட்டனை அழுத்துவது. 148/96 என்று காட்டும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது.

முதலில் ஒன்றுக்குப் போய்விட்டு வாருங்கள். டீ, காபி குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். முதுகு சாயும் நாற்காலியில், பாதம் இரண்டும் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையை மேசை மேல், நெஞ்சு உயரத்துக்கு வையுங்கள். சுருட்டிய ஜாக்கெட் கை புஜத்தை இறுக்கும், ஆகவே தளர்ந்த நைட்டி நல்லது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கு முன் ஒருமுறை, இரவு ஒருமுறை, ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதியைக் கூட்டிச் சராசரி எடுங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரிடம் அந்த நோட்டோடு போக வேண்டும். 120/80க்குக் கீழே என்றால் நிம்மதி. நடுவில் இருந்தால் சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்து, சில மாதம் கழித்து இன்னொரு வாரம் பாருங்கள்.

எப்போதெல்லாம் என்று ஞாபகம் வைக்க ஒரு சுலபமான வழி: குழந்தைக்கு ஊசி போடும் நாளெல்லாம் உங்களுக்கும் பிரஷர். ஆறு வாரம், பத்து வாரம், பதினாலு வாரம், ஒன்பது மாதம், ஒன்றரை வயது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காத்திருக்கத்தான் போகிறீர்கள், "எனக்கும் பார்த்துருங்கக்கா" என்று கையை நீட்டுங்கள். ஊசியெல்லாம் முடிந்த பிறகு வருடத்துக்கு ஒருமுறை, குழந்தையின் பிறந்தநாள் மாதத்தில்.

நான்காம் படி: மூன்றாம் மாதக் கணக்கெடுப்பு

ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் முழுதாக ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிறுநீரில் புரதம், கிரியாட்டினின், சர்க்கரை, எடை, இடுப்புச் சுற்றளவு. கொலஸ்ட்ரால் கர்ப்பத்தில் இயல்பாகவே ஏறும், ஆகவே அதை மூன்று மாதம் தாண்டிப் பார்ப்பதுதான் சரி. மூன்று மாதத்துக்குப் பிறகும் புரதம் இறங்கினால் சிறுநீரக டாக்டரைப் பார்க்க வேண்டும். பிரஷர் அப்போதும் இறங்காவிட்டால் அது பிரசவ பிரஷர் கிடையாது, நிரந்தர பிரஷர் என்று எடுத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பார்கள். கர்ப்பத்தில் சர்க்கரையும் சேர்ந்து வந்திருந்தால் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

பனியன் கம்பெனி, மில்களில் வேலை செய்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் இதற்கெல்லாம் கைக்காசு போட வேண்டியதில்லை. நிரந்தர பிரஷர் என்று ஆகிவிட்டால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதிந்தால் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். அதெல்லாம் வயசானவர்களுக்கு என்று இளம் தாய்மார்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பெயரைப் பதியுங்கள்.

ஐந்தாம் படி: அடுப்படி

உப்பிலிருந்து ஆரம்பிப்போம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கிராம் கணக்குப் பார்த்து யாரும் சமைக்க முடியாது. உப்புப் பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் மாதத்துக்கு 600 கிராம்தான் உச்சவரம்பு. ஒரு கிலோ பாக்கெட் ஒன்றரை மாதத்துக்கு மேல் வர வேண்டும். கடையில் வாங்கும் முறுக்கு, மிக்சர், அப்பளம் இந்தக் கணக்கில் இல்லை என்பதால் இரண்டு மாதம் வந்தால்தான் நிம்மதி. கல்லுப்பு, இந்துப்பு என்று மாற்றினாலும் சோடியம் சோடியம்தான். சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் எனலாப்ரில், டெல்மிசார்டன் சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கட்டும் என்று சந்தையில் கருவாடு வாங்கி வருவார்கள். அது உப்பிலேயே ஊறி உலர்ந்தது. பிரஷர் இருந்தவளுக்குப் பூண்டும் பச்சை மீனும் போதும். செலவு ரசம் தாராளமாகக் கொடுக்கலாம், உப்பைக் குறைத்து. லேகியம் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம். அதிமதுரம் அதிகமாகவோ தொடர்ந்தோ சாப்பிட்டால் உடம்பில் உப்பு நீரைத் தேக்கி பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். நாட்டு மருந்துக் கடையில் கட்டிக்கொடுக்கும் பிரசவ மருந்தில் அது இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். மாமியாரிடம் இதைச் சொல்வது லேசான காரியம் இல்லை. டாக்டரம்மா சொன்னார் என்று சொல்லிப் பாருங்கள்.

மற்றபடி நம் ஊர்ச் சாப்பாட்டில் குறைசொல்ல அதிகம் இல்லை. அரிசியும்பருப்பு சாதம் நல்ல சாப்பாடு, தொட்டுக்கொள்ளும் அப்பளமும் ஊறுகாயும்தான் உப்பைக் கொண்டுவருகின்றன. அதற்குப் பதில் ஒரு பொரியல். பச்சைப்பயிறு கடைசல், கம்பஞ்சோறு, ராகிக்களி, கீரை எல்லாம் வாரத்தில் வரட்டும். கொள்ளு கொழுப்பைக் கரைத்துவிடும் என்று நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. கொள்ளில் புரதமும் நார்ச்சத்தும் நிறைய, அந்த அளவில் நல்லது, மாத்திரையின் வேலையை அது செய்யாது. தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. பொள்ளாச்சிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் தினச் சமையலுக்குக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ மேல், அதுவும் அளவாக. நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான்.

ஆறாம் படி: உடம்பு அசைய வேண்டும்

வாரம் 150 நிமிட வேக நடை. பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம். சிசேரியன் ஆனவர்கள் மெதுவாக ஆரம்பித்து, ஆறு வாரச் சோதனைக்குப் பிறகு கூட்டலாம். வீட்டு வேலையே போதும் என்பது உண்மையில்லை, நின்று நின்று செய்யும் வேலையில் இதயம் வேகமெடுப்பதில்லை. தையல் மெஷினிலோ செக்கிங் டேபிளிலோ பத்து மணி நேரம் இருப்பவர்கள் இடையிடையே எழுந்து நடக்க வேண்டும். நம்மவர்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 23க்கு மேல் போனாலே கவனம் தேவை, இடுப்பு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

புகை, ஹான்ஸ், புகையிலை: கூடவே கூடாது. வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் அவர் வாசலுக்குப் போகட்டும்.

ஐ.சி.யூ.வில் கிடந்து வந்தவர்களுக்கு மாதக்கணக்கில் பயமும் தூக்கமின்மையும் இருக்கும். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம்.

ஏழாம் படி: மாத்திரை, கருத்தடை, அடுத்த குழந்தை

இடுப்பு வலி, தலைவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் பிரஷரை ஏற்றும். ஒன்றிரண்டு நாளைக்குப் பரவாயில்லை, வழக்கமாக்கக் கூடாது. மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சில சளி மாத்திரைகளும் அப்படித்தான்.

பிரஷர் இன்னும் இருப்பவர்களுக்கு மாலா-என் போன்ற ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஆகாது. காப்பர்-டி ஒத்துவரும். ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். எதைத் தேர்ந்தாலும் "எனக்குப் பிரசவத்தில் பிரஷர் வந்தது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்த குழந்தை வேண்டுமென்றால் முன்கூட்டியே டாக்டரைப் பாருங்கள், நாள் தள்ளிய பிறகு போவது தாமதம். எனலாப்ரில், டெல்மிசார்டன் வகை மாத்திரைகளும் பொதுவாகக் கொலஸ்ட்ரால் மாத்திரைகளும் கருவுக்கு ஆகாதவை, மாற்ற வேண்டியிருக்கும். மறுபடி ப்ரீ-எக்லாம்ப்சியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு. முதல் தடவை மிகச் சீக்கிரம் வந்திருந்தால் இன்னும் அதிகம். கர்ப்பத்தின் 12ஆம் வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்தால் அந்த வாய்ப்பு குறையும், 75 முதல் 150 மில்லிகிராம் வரை டாக்டர் முடிவு செய்வார். ஆஸ்பிரின் நல்லது என்று கேள்விப்பட்டு, கர்ப்பம் இல்லாத காலத்திலும் இதயத்துக்காகத் தினமும் போடாதீர்கள். இதய நோய் இல்லாதவர்களுக்கு அதில் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு.

எட்டாம் படி: நாற்பதுக்கு மேல்

மாதவிடாய் நிற்கும் வயதில் பிரஷரும் கொலஸ்ட்ராலும் தானாகவே ஏறும். உங்களுக்கு அது மற்றவர்களைவிட உயர்ந்த படியிலிருந்து ஆரம்பிக்கும். நாற்பது தாண்டியதும் வருடாவருடம் பிரஷரோடு சர்க்கரை, கொலஸ்ட்ரால், சிறுநீர்ப் புரதம், கிரியாட்டினின் சேர்த்துப் பாருங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், அந்தப் பழைய பிரசவத்தைச் சொல்லுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை ஆரம்பிக்கலாமா வேண்டாமா என்று இழுபறியாக இருக்கும் இடத்தில், ப்ரீ-எக்லாம்ப்சியா வந்தது தராசை ஆரம்பிக்கும் பக்கம் சாய்க்கும் என்று 2018ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது.

பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியாகவும் வரும், தாடை வலி, முதுகு வலி, திடீர் வியர்வை, குமட்டல், இதுவரை இல்லாத அசதி, மூச்சு வாங்கல் என்றும் வரும். "வாயுத் தொல்லைங்க, ஒரு சோடா குடிச்சா சரியாப் போயிரும்" என்று பேக்கரிக்கு ஆளனுப்புவது நம் ஊரில் நடப்பதுதான். சில நிமிடத்தில் அடங்காவிட்டால் பைக்கில் உட்கார வைத்து அழைத்துப் போகாமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் என்றால் அங்கேயே இ.சி.ஜி. எடுத்து, ரத்தக்கட்டைத் தடுக்கும் முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். 2023இல் வந்த இதயம் காப்போம் திட்டம் அதற்குத்தான். போகும்போது அந்த ஃபைலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.